வலிக்கவில்லை என்று சொன்ன நோயாளி

அரசு அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை இருந்துவிட்டு வந்தவனிடம் தெருவில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பட்டா பெயர் மாற்ற எங்கே மனு கொடுப்பது, சான்றிதழில் தகப்பனார் பெயர் தப்பாக இருந்தால் யார் திருத்துவார், வாரிசுச் சான்றுக்கு என்னென்ன இணைக்க வேண்டும். பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவுக்கு நான்தான் விசாரணை அலுவலகம். எதையும் தெரியாது என்று சொல்லி நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. உண்மையிலேயே தெரியாதபோதுகூட, எந்த அலுவலகத்தில் போய்க் கேட்டால் தெரியாது என்று சொல்வார்கள் என்பதாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

அப்படிப்பட்ட நான் ஒரு முறை தெரியாது என்றேன். கேட்டவள் என் மகள். பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டு, ஊரடங்கு மறுபடியும் இறுகியிருந்த சமயம்.

"அப்பா, காலேஜ்ல டிஸ்கன்டினியூ பண்ணணும்னா என்ன ப்ரொசீஜர்?"

துறைத் தலைவர் வழியாக விண்ணப்பம், நூலகத்திலும் விடுதியிலும் பாக்கி இல்லை என்ற சான்று, பெற்றோர் கையொப்பம், பிறகு மாற்றுச் சான்றிதழ். அத்தனையும் வரிசையாக நுனி நாக்குவரை வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டேன்.

"தெரியலையே பாப்பா. விசாரிக்கணும்."

"உங்களுக்கா தெரியாது?"

"கொரோனாவுல ரூல்ஸ் எல்லாம் மாத்திட்டாங்கம்மா."

அந்த நாட்களில் இது எல்லாவற்றுக்கும் பொருந்திய பதில். வங்கியில் சொன்னார்கள், ரேஷன் கடையில் சொன்னார்கள். நான் என் வீட்டுக்குள் ஒரு முறை சொன்னதில் தவறில்லை.

அவள் பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு. கல்லூரி தெற்கே வெகுதூரத்தில். முதல் ஊரடங்கின்போது சில நாள் விடுமுறை என்று நினைத்து, நான்கு உடுப்புகளோடு வந்து சேர்ந்தவள், அதற்குப் பிறகு இங்கேயே இருந்தாள். விடுதியைத் தொற்று வந்தவர்களைத் தனிமைப்படுத்தும் இடமாக மாற்றிவிட்டார்கள். அவளுடைய புத்தகங்களும் கருவிகளும் யாரோ ஒரு நோயாளியின் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்க வேண்டும்.

நானும் வீட்டுக்குப் புதிதாக வந்தவன்தான். நான் ஓய்வு பெற்றுச் சில மாதங்களிலேயே ஓய்வு வயதை உயர்த்தி அரசாணை வந்தது. அரசாங்கத்தோடு அத்தனை ஆண்டுகள் இருந்தும் எங்களுக்குள் நேரப் பொருத்தம் மட்டும் கடைசிவரை அமையவில்லை.

என் மனைவி தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவளுடைய ஒன்பதாம் வகுப்பு எங்கள் கூடத்தில் நடந்தது. மகளின் கல்லூரி படுக்கையறையில் நடந்தது; சிக்னல் போனால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு மாறியது. எனக்கு ஒதுக்கப்பட்டது சமையலறை. என் குரல் எங்கே எழுந்தாலும் அது யாருடைய வகுப்பிலாவது போய் விழுந்தது. ஒரு நாள் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, "சாம்பாருக்கு உப்பு போட்டாச்சா?" என்று கேட்டேன். மனைவியின் போனிலிருந்து ஒரு பையன், "போட்டாச்சு சார்" என்றான். அன்று முதல் நான் சைகை மொழிக்கு மாறினேன்.

மகளின் சிக்கல் சிக்னல் சம்பந்தப்பட்டதல்ல. அவள் படிப்பு கையால் படிக்க வேண்டிய படிப்பு. ஒரு மூட்டில் எங்கே பிடிப்பது, எவ்வளவு தூரம் கொண்டுபோவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையெல்லாம் ஆசிரியர் பக்கத்தில் நின்று, மாணவியின் கைமேல் தன் கையை வைத்துச் சொல்லித்தர வேண்டும். இங்கே ஆசிரியர் திரையில் ஒரு சிறு கட்டத்துக்குள் இருந்தார். மகள் தலையணையை மடக்கி முழங்காலாகப் பாவித்துப் பயிற்சி செய்தாள்.

"தலையணைக்கு எலும்பு கிடையாதுப்பா" என்றாள் ஒரு நாள். "வீடியோ பாத்து நீச்சல் கத்துக்கிட்டவளக் கிணத்துல தள்ளிவிடுவீங்களா? நாளைக்கு என்கிட்ட ஒருத்தர் வந்து கையை நீட்டினா, நான் எதைப் பிடிப்பேன்?"

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். எல்லாருக்கும் இதே நிலைமைதான், கல்லூரி திறந்துவிடும் என்ற வகையில். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. பிறகுதான் அந்த ப்ரொசீஜர் கேள்வி வந்தது.

நான் 'விசாரித்துக்கொண்டிருந்த' நாட்களில் கல்லூரியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு மாணவரும் வீட்டில் ஒருவரை நோயாளியாக எடுத்துக்கொள்ள வேண்டும். வாராவாரம் பரிசோதித்து, சிகிச்சை தந்து, அறிக்கை அனுப்ப வேண்டும். கடைசியில் அதே நோயாளியை வைத்து வீடியோ வழியாகச் செய்முறைத் தேர்வு.

அதிர்ஷ்டவசமாக வீட்டில் ஒரு நோயாளி தயாராக இருந்தார். என் வலது தோள் சில மாதங்களாக இறுகிப் போயிருந்தது. கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க முடியாது; முதுகுப் பக்கம் கொண்டுபோகவே முடியாது. தோளை உறைமோரில் போட்டு உறையவைத்த மாதிரி. டாக்டரும் அப்படித்தான் பெயர் சொன்னார்: ஃப்ரோசன் ஷோல்டர். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருமாம். தானாக வரும், மெதுவாகத்தான் போகும் என்றார்.

"ஏங்க, இத்தனை வருஷத்துல உங்க தோள் இப்பத்தான் குடும்பத்துக்கு உபயோகமாகுது" என்றாள் மனைவி.

மூட்டு எத்தனை டிகிரி அசைகிறது என்று அளக்கும் கருவி விடுதியில் மாட்டிக்கொண்டிருந்தது. மனைவி, கரும்பலகையில் வரைவதற்குப் பள்ளியில் கொடுத்த பெரிய மரக் கோணமானியை எடுத்து வந்தாள். அதன் நடுவில் இரண்டு ஸ்கேல்களைத் திருகாணியால் பொருத்தினாள் மகள். பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்த என் அக்குளில் அந்த மரப்பலகையை வைத்து அளந்தபோது, ஒன்பதாம் வகுப்பு வடிவியலில் நான் ஒரு கணக்காக வந்துவிட்டேன் என்று தோன்றியது.

"வலி எவ்வளவுன்னு பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"அரை மார்க் உண்டா?"

"அப்பா!"

"ஆறு."

முதல் நாள் சொன்ன ஆறு உண்மையான ஆறு. அன்று மாலை மனைவி என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இப்படியா மூஞ்சியைச் சுளிப்பீங்க? அவளே நொந்து போயிருக்கா. கொஞ்சம் நல்லா இருக்குன்னு சொன்னா உங்க பென்ஷன் குறைஞ்சிடுமா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அலுவலகத்தில் எனக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இரகசிய அறிக்கை எழுதியவன் நான். எல்லாருக்கும் 'நன்று' என்றே எழுதுவேன். கொஞ்சம் வேலையும் செய்பவராக இருந்தால் 'மிக நன்று'. வேறு எதையாவது எழுதினால் விளக்கம் கேட்பார்கள், மேல்முறையீடு வரும். எழுதப்பட்டவரும் மகிழ்ச்சியாக இருப்பார், எழுதியவரும் நிம்மதியாக இருப்பார். அந்தப் பழக்கத்தில் என் மகளின் கைகளுக்கும் வாராவாரம் மிக நன்று வழங்கத் தொடங்கினேன்.

அடுத்த வாரம் வலி நான்கு என்றேன். அதற்கடுத்த வாரம் மூன்று. அவள் கையைத் தூக்கச் சொன்னால், அவள் கண் கோணமானியில் இருக்கும்போது உடம்பை இலேசாக இடது பக்கம் சாய்ப்பேன், தோள்பட்டையை மேலே தூக்கிக்கொள்வேன். கை கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருக்கும். அவள் அளவைக் குறித்துக்கொள்வாள், முகம் மலரும். மனைவி கதவோரம் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள். பிறகு நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையால் வலது தோளைப் பிடித்தபடி நிற்பேன்.

வெளியே அப்போது ஜி.எஸ்.டி. சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தெருமுனை வீட்டில் ஒருவர் மருத்துவமனைக்குப் போனார், திரும்பவில்லை. அவர் வீட்டு வாசல் விளக்கைப் பல நாட்கள் யாரும் அணைக்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு தோளைப் பற்றிக் கவலைப்பட முடிவதே பாக்கியம் என்று எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. வீட்டில் ஒருத்தி சிரித்த முகமாக இருக்கிறாள் என்றால், அதற்காக எண்களில் இரண்டு குறைப்பது பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

ஒரு நாள் அவள் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முகம் சரியில்லை.

"எங்க மேம் என் ரிப்போர்ட்டைக் க்ளாஸ்ல எல்லார் முன்னாடியும் படிச்சாங்க."

"பாராட்டினாங்களா?"

"'உலகத்துல எந்த ஃப்ரோசன் ஷோல்டரும் இவ்வளவு சீக்கிரம் சரியானதில்ல. பேஷண்ட் யாரும்மா, அப்பாவா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். 'அதான்'னாங்க. க்ளாஸே சிரிச்சுது."

நான் சமையலறைப் பக்கம் நழுவப் பார்த்தேன்.

"உக்காருங்க. கையைத் தூக்குங்க."

தூக்கினேன். இந்த முறை அவள் கோணமானியை எடுக்கவில்லை. என் பின்னால் வந்து நின்று, தோள்பட்டை எலும்பின்மேல் ஒரு கையை அழுத்தி வைத்தாள். அந்த எலும்பு நகராமல் போனவுடன் என் கை முன்பிருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. முதல் நாள் எங்கே நின்றதோ, அதே இடம். அதற்கும் சற்றுக் கீழே என்றுகூடச் சொல்லலாம்.

"இன்னும் தூக்குங்க."

"முடியலைம்மா."

"நம்பர் சொல்லுங்க."

"...ஏழு."

மனைவி கூடத்திலிருந்து வந்தாள். அவள் போனில் முப்பது குழந்தைகள் முக்கோணங்களோடு காத்திருந்தார்கள்.

"அவரை ஏண்டி திட்டற? நான்தான் சொல்லச் சொன்னேன். நீ மனசு விட்டுடக் கூடாதுன்னுதான்."

"மனசு விடாம நான் என்னம்மா பண்றது?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் கையை வெச்சா உள்ள என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்கத்தானே இவ்வளவும். எங்க நிறுத்தணும்னு இவர் சொன்னாத்தான் எனக்குத் தெரியும். இவர் நிறுத்தவே சொல்லலை. நான் பாட்டுக்கு இழுத்துக்கிட்டு இருந்திருக்கேன். இதே மாதிரி வேற ஒருத்தரை இழுத்தா என்ன ஆகும்?"

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த ப்ரொசீஜரை விசாரிச்சீங்களாப்பா?"

"இன்னும் இல்லம்மா."

"வேணாம். எக்ஸாம் வரைக்கும் பாக்கறேன். அதுலயும் என் கைக்கு ஒண்ணும் தெரியலைன்னா நானே காலேஜுக்கு மெயில் போட்டுக்கறேன்."

மறுநாளிலிருந்து உண்மை சொல்லத் தொடங்கினேன். எளிதாக வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வலிக்கிறது என்றால் அவளுக்குப் போதாது. எங்கே வலிக்கிறது, தூக்கும்போதா இறக்கும்போதா, குத்துகிறதா இழுக்கிறதா, முழங்கைவரை இறங்குகிறதா, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா என்று கேட்டாள். ஒரு நாள் எல்லாவற்றையும் யோசித்துவைத்து, அரசுக் கடிதம் மாதிரி பொருள், பார்வை, பத்தி எண் என்கிற ஒழுங்கில் சொல்ல ஆரம்பித்தேன்.

"அப்பா, ஃபைல் படிக்காதீங்க. வலிக்கும்போது சொல்லுங்க, போதும்."

நான் கத்துவதைத் தாங்க முடியாமல் மனைவி தன் வகுப்பைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொண்டுபோனாள். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு பிதாகரஸ் தேற்றம் நடத்தினாள். எதிர்வீட்டு வங்கிக்காரர் மதில் வழியாக, "என்ன சார், வீட்டுல ஏதாவது பிரச்சனையா? ரொம்பச் சத்தமா இருக்கே" என்று விசாரித்தார். "பொண்ணு படிக்கிறா சார்" என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் கொஞ்ச நாள் ஜாக்கிரதையாகவே பேசினார்.

அறிக்கையில் எண்கள் பின்னோக்கிப் போயின. மகள் அதை மறைக்கவில்லை. முந்தைய வாரங்களின் அளவுகள் தவறு, நோயாளி உடம்பைச் சாய்த்ததை நான் கவனிக்கவில்லை என்று அவளே எழுதி அனுப்பினாள். பேராசிரியையிடமிருந்து ஒரே வரி வந்ததாம்: இப்போதுதான் இது தோள் மாதிரி இருக்கிறது. அதை வாசித்துக் காட்டும்போது அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. முகக்கவசம் போட்டிருந்தாள். நோயாளியைத் தொடும்போது போட வேண்டும் என்பது விதி. வீட்டில் நான் அவள் தகப்பன் என்ற சலுகை எல்லாம் ரத்தாகியிருந்தது.

தேர்வுக்கு முந்தைய நாள் இணையம் செத்தது. தெருவுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்த கேபிள்காரருக்குப் போன் போட்டேன். வந்தவர் கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் பண்றது? ஊரே வூட்ல கீது. அத்தினி பேரும் ஒரே நேரத்துல உறிஞ்சினா நெட்டு எங்கேந்து வரும்?"

"நாளைக்குப் பொண்ணுக்குப் பரீட்சைப்பா."

"பரீட்சையா? மொதல்ல சொல்றதில்ல? பேஜார் பண்றியே சார் நீ" என்று சொல்லிக்கொண்டே கம்பத்தில் ஏறினார். ஏதோ ஒரு ஒயரைப் பிடுங்கி வேறு எதிலோ சொருகினார். இணையம் வந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு வங்கிக்காரர் வாசலுக்கு வந்து, தன் வீட்டில் இணையம் போய்விட்டது என்றார். இதற்கு எங்கே புகார் கொடுப்பது என்று என்னிடமே கேட்டார். முறையான வழியை விரிவாகச் சொன்னேன். பதில் வருவதற்குள் எப்படியும் தேர்வு முடிந்துவிடும்.

தேர்வு அன்று எனக்குப் புதுப் பனியன். சலவை செய்தது போதாதா என்றதற்கு, "வெளியூர்லேர்ந்து எக்ஸாமினர் பாக்கறாங்க" என்றாள் மனைவி. திரையில் இரண்டு பெண்மணிகள். ஒருவர் மகளின் பேராசிரியை, இன்னொருவர் வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர். அறையை ஒரு சுற்றுக் காட்டச் சொன்னார்கள். கேட்டாலொழிய நோயாளி பேசக் கூடாது என்றார்கள். என் மனைவி வாசற்படியில் நின்று என்னை நோக்கி உதட்டில் விரல் வைத்தாள்.

"பேஷண்டுக்கு வேற ஏதாவது நோய் இருக்கா?" என்றார் தேர்வாளர்.

"அப்பாவுக்கு... சாரி மேம், பேஷண்டுக்குச் சர்க்கரை இருக்கு. மாத்திரை எடுத்துக்கறார்."

"ஒழுங்கா எடுத்துக்கறாரா?"

வாயைத் திறக்கப் போனேன். மகள் என் தோளில் இலேசாக அழுத்தினாள்.

"இல்ல மேம். கல்யாண வீட்டுக்குப் போனா மாத்திரையை மறந்துடுவார். இப்ப கல்யாணம் எதுவும் இல்லாததால பரவாயில்ல."

அளந்தாள், மரக் கோணமானியோடு. அதைப் பார்த்ததும் தேர்வாளர் திரைக்குக் கிட்டே வந்தார். பிறகு மகள் என் முழங்கையை உடம்போடு ஒட்டி மடக்கி, முன்கையை மெதுவாக வெளிப்புறம் திருப்பினாள். இதுதான் எனக்கு மிக மோசமான அசைவு. கொஞ்சம் போனது. இன்னும் கொஞ்சம். "ஐயோ" என்றேன், புதுப் பனியனின் கௌரவத்தையெல்லாம் மறந்து. அவள் கை அந்த இடத்திலேயே நின்றது.

"இன்னும் போகலாமேம்மா" என்றார் தேர்வாளர். "பேஷண்ட் பயப்படறார்னு தோணுது."

மகள் அதே கோணத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவள் விரல்கள் எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தன. என் பார்வை திரையில் இல்லை. அவள் கைகளில் இருந்தது. பல மாதங்களாகத் தலையணையை மடக்கிக்கொண்டிருந்த கைகள்.

"இல்ல மேம். பயந்தா தசை இறுகும். அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தா கொஞ்ச நேரத்துல தளர்ந்து கொடுக்கும். இது தளரலை. உள்ள லெதர் பெல்ட்டைப் பிடிச்சு இழுத்த மாதிரி நிக்குது. மூட்டைச் சுத்தி இருக்கற உறைதான் சுருங்கியிருக்கு. இதுக்கு மேல நான் போக மாட்டேன்."

"நிச்சயமா?"

"கையில தெரியுது மேம்."

திரை அசையாமல் இருந்தது. இணையம் மறுபடியும் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்களுக்கு அது தெரியாதும்மா. இங்கேர்ந்து பாத்தா வெறும் கைதான் தெரியுது. நீ சொல்றதைத்தான் நாங்க நம்பணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. உங்க தெரபிஸ்ட் எப்படி?"

"ரொம்ப வலிக்குது மேடம்" என்றேன். "ஆனா நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தறா."

பேராசிரியை வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

தேர்வு முடிந்து மடிக்கணினியை மூடிவைத்தாள் மகள். மனைவி உள்ளே வந்து, "எப்படிடி பண்ணின?" என்றாள். மதிப்பெண் பற்றி ஏதாவது சொல்வாள் என்று இருவரும் காத்திருந்தோம்.

"அம்மா, அப்பாவுக்கு வெந்நீர் ஒத்தடம் வெக்கணும். இன்னிக்கு ரொம்ப இழுத்துட்டேன்" என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள். "நாளைலேர்ந்து சுவத்துல விரல் ஏத்தற பயிற்சி ஆரம்பிக்கணும். அதை முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும், எனக்குத்தான் தோணலை. இந்தச் சுவரு போதும்."

"போன பொங்கலுக்குத்தான் வெள்ளை அடிச்சோம்" என்றாள் மனைவி.

"பென்சில் கோடுதாம்மா."

கல்லூரிக்கு மெயில் போட்டாளா என்று நான் கேட்கவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது விதிப் புத்தகத்தில் இருக்காது.

மதிப்பெண் வந்தது. சுமாராகத்தான். அளவெடுத்ததற்கான மதிப்பெண்ணில் பாதியைக் குறைத்துவிட்டார்கள். மரக் கோணமானி பாடத்திட்டத்தில் இல்லையாம். அவள் அதைப் பற்றி இரண்டு நாள் பொருமினாள். பொருமியது மதிப்பெண்ணைப் பற்றி என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. தினமும் காலையில் நான் சுவரைப் பார்த்து நின்று, சுட்டுவிரலும் நடுவிரலும் எறும்பு மாதிரி மேலே ஏற, போக முடிந்த இடத்தில் அவள் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். சில நாள் கோடு முந்தின நாளுக்குக் கீழே விழும். அதையும் போடுவாள்.

கல்லூரி திறந்தது. பெருங்களத்தூரில் பேருந்து ஏற்றிவிட்டு வந்தோம். பயிற்சிக்கு அவளைப் போட்டிருப்பது ஒரு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில். தொற்று வந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள், எழுந்து நடக்கத் தெரியாமல் அங்கே வருகிறார்களாம். பாதிப் பேர் அவளைத் திட்டுகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

காலையில் வீடியோவில் கூப்பிடுவாள். மனைவி போனைப் பிடித்துக்கொள்வாள், நான் சுவரில் விரலை ஏற்றுவேன்.

"உடம்பைச் சாய்க்காதீங்க."

"சாய்க்கலை."

"அம்மா, சாய்க்கறாரா?"

"கொஞ்சம்" என்பாள் மனைவி, கட்சி மாறிவிட்டவள்.

போன வாரம் விரல் ஒரு புது இடத்தைத் தொட்டது. அடுத்த கோடு போட மனைவி பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன். வலித்தது. மூன்று என்றேன், உண்மையான மூன்று. போனில் அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு பெரியவர் இருமினார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சரிப்பா, மெதுவா இறக்குங்க. பேஷண்ட் வந்துட்டாங்க, நான் வெக்கறேன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.